மாப்பொன்

வேலை முடிந்து எழும்பும்போது
மடியில் விரித்த தோலின் மேல் குனிந்து
தலைமயிரை மூன்று தரம் உதறுவேன்.
போர்ட்ஸ்ஹைமில், முப்பத்தொரு வருடமாக.
பக்கத்து மேசைக்காரர்கள் இதற்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்:
நனைந்த நாய்.
கோபமில்லை.
தன் மேல் ஒட்டியிருப்பது எத்தனை மாற்றென்று
நாய்க்குத் தெரியாது.

கன்னாதிட்டிப் பட்டடையில்
அண்ணனுக்கு ஊதுகுழல், எனக்கு விளக்குமாறு.
பெண்பிள்ளை உலைக்கு முன் குந்தக்கூடாதென்று
யாரும் சொல்லவில்லை.
யாரும் கேட்டுப் பார்க்கவுமில்லை.
அண்ணனுக்கு நெருப்பைக் கண்டால் தும்மல்,
ஊதச் சொன்னால் பற்றுப்பொடி எல்லாம் கூரைக்குப் போகும்.
நான் கூட்டினேன்.
கூட்டிக்கொண்டே பார்த்தேன்
பொடி எந்த நொடியில் தண்ணீராகிறது,
கம்பி எந்தச் சிவப்பில் ‘போதும்’ என்கிறது.
அப்பா முதுகைக் காட்டியபடிதான் வேலை செய்வார்.
வலது முழங்கை மட்டும் தெரியும்.

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று
எங்களைப் பற்றி ஊருக்கொரு பழமொழி.
இருக்கட்டும்.
நான் எடுத்தது
அந்த முழங்கையை.

மூன்று ஆறுகள் சேரும் பட்டணம் இது.
ஒன்றின் பெயர் நாகோல்ட்.
அகதி விடுதிச் சுவரில் மாட்டிய வரைபடத்தில்
எழுத்துக்கூட்டி வாசித்துத் தனியே சிரித்தேன்.
பிறந்த பிள்ளைக்குச் செய்வதுபோல
யாரோ நாவில் பொன் உரைத்து வைத்த ஆறு.

சங்கிலித் தொழிற்சாலையில் துப்புரவு வேலை கிடைத்தது.
மறுபடி விளக்குமாறு.
முதல் மாலை, மேசைகளுக்குக் கீழ் கூட்டியதை
எறியக் கை வரவில்லை.
பத்திரிகைத் தாளில் கொட்டி
நான்கு மூலையும் உள்ளே செருகி
மேற்பார்வையாளர் ஐசெலேயின் மேசையில் வைத்தேன்.
ஒரு சொல் எழுதவில்லை,
எழுத அந்த மொழியில் என்னிடம் சொல் இல்லை.

உறிஞ்சும் குழாய், வடிகட்டி,
கை கழுவும் தண்ணீருக்குக்கூடத் தனித் தொட்டி
எல்லாம் அங்கே இருந்தன.
தப்பிய தூசிக்கும் ஒரு பீப்பாய் இருந்தது.
எனக்குத்தான் தெரியாது.
மறுநாள் கூப்பிட்டார். சிரிக்கப்போகிறாரென்று நின்றேன்.
தூசியை அவர் பார்க்கவேயில்லை.
தாளைத் தலைகீழாக்கிக் குலுக்கினார்,
ஒரு மணியும் சிந்தவில்லை.
ஏதோ கேட்டார்.
எனக்கு விளங்கிய மட்டில் பதில் சொன்னேன்,
உதட்டைக் குவித்து ஊதிக் காட்டி.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஊதுவிளக்கு,
ஒரு கைப்பிடி அறுந்த வளையங்கள்.
முதலாவது உருகிச் சொட்டியது.
ஏழாவது பிடித்தது.

மிதுர்ஷாவுக்குத் தங்கம் பிடிக்காது.
குத்திய காதைத் தூர விட்டுவிட்டாள்.
கார்ல்ஸ்ரூவில் பல் கட்டும் கூடத்தில் வேலை.
போன ஞாயிறு தீப்பெட்டி ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.
திறந்தால் பச்சை மெழுகில்
ஒரு கடைவாய்ப்பல்.
யாரோ பஸ் சாரதியினுடையதாம்.
நாலு மேடு, நடுவே ஒரு பள்ளம்,
பள்ளத்திலிருந்து கிளை பிரிந்தோடும் கோடுகள்.
“எதால கீறினனி?”
“சுட்ட ஊசியால.”
“ஆர் காட்டினது?”
“ஒருத்தரும் இல்லை. இனி வார்க்க வேணும்.
எதிர்ப் பல்லோட பொருந்தாட்டி
அந்த மனுசனுக்குத் தலையிடி.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.
ஒரு மேட்டின் ஓரம் மயிரிழை உயரம்.
சொல்வதா விடுவதா?
எனக்குப் பொடி வைத்து ஊதத் தெரியும்,
பொடி வைத்துப் பேச வராது.
“இதிலை கொஞ்சம்” என்றேன்.
பறித்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“ஓம்” என்றாள், கடுங்கோபத்தில்.
மெழுகுதிரி எங்கே என்று லாச்சி லாச்சியாக இழுத்தாள்.

சோறு ஆறியது.
அவள் குனிந்திருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

மேசையில் பச்சைச் சீவல்கள்.
விரல் நுனியால் ஒற்றி எடுத்துத் தாளில் சேர்த்தேன்.
“அம்மா, அது வெறும் மெழுகு.”
“தெரியும்” என்றேன்
நான்காவது மூலையைச் செருகியபடி.